சம்மாட்டி இல்லாத கொம்பியூட்டர்

வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் முதலில் கழற்ற வேண்டியது பெட்டியின் மூடியை அல்ல, அதற்கு மேல் போர்த்தியிருக்கிற பூப்போட்ட துணியை. துணிக்கு மேல் பூச்சாடி இருக்கும், அதையும் இறக்க வேண்டும். பக்கத்தில் வீட்டுக்காரம்மா நிற்பா. அவவை மட்டும் நகர்த்த முடியாது. நாங்கள் கை வைக்கிற ஒவ்வொரு தரமும் "பிள்ளை, மெல்லமா" என்று சொல்லிக்கொண்டே நிற்பா. வீட்டில் ஒரு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு அதோடு மாரடிக்கிற உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லியா தெரிய வேண்டும்?

நான் தாழ்வுபாட்டுக்காரி. படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். கொம்பியூட்டர் பழக்கியது என் அவர். அவர் மன்னார் டவுனில் ஒரு கடையில் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தார். சண்டை திரும்பத் தொடங்கியதும் கடையைப் பூட்டிவிட்டார்கள். அவர் கட்டாருக்குப் போனார். அப்போது எங்கள் மகள் ஷெரின் என் வயிற்றுக்குள் இருந்தாள். அவர் விட்டுப் போன ஆயுதங்களையும் ஆட்களையும் நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஆயுதம் என்றால் ஸ்குரூ டிரைவர்தான், ஆட்கள் என்றால் வாடிக்கைக்காரர்தான், பயப்படாதையுங்கோ.

இப்போது ஷெரின் நடக்கிறாள், ஓடுகிறாள், நண்டு பிடிக்கிறாள். தகப்பன் இன்னும் பார்க்கவில்லை. படங்கள் அனுப்பினோம்தான். "படத்தில எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரித்தான் இருக்கும், எனக்கு அவள் ஓடுறதைப் பார்க்க வேணும்" என்று எழுதினார். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்னக் கமராவையும் கொடுத்துவிட்டார். கமரா வந்தது. அதோடு வர வேண்டிய சீடி, வந்தவருடைய பயணப் பெட்டிக்குள் எங்கேயோ காணாமல் போனது. அது இல்லாமல் கமரா ஒரு சிஸ்டத்திலும் கண் திறக்கவில்லை. என் கொம்பியூட்டரில் இருந்தது லினக்ஸ். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் கூடிக் கட்டி, கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுக்கிற சிஸ்டம். எங்கள் பக்கம் வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனப் பொடியன் இடம் மாறிப் போகும்போது அதன் சீடியைத் தந்துவிட்டுப் போனான். காசு கட்டாமல் பதிந்த களவுக் கொப்பிகளோடும் வைரசோடும் பட்ட பாடு போதும் என்று நான் அதற்கு மாறினேன். பிறகு ஊரையும் மாற்றத் தொடங்கினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மாதாவின் மண்

பேசாலையில் றீற்றா அன்ரி. கொம்பியூட்டர் தானாக நின்று தானாக எழும்புகிறது என்று ஆள் அனுப்பினா. மூடியைக் கழற்றினேன். உள்ளே பலகை முழுக்க மண். சும்மா தூசியல்ல, கையால் அள்ளித் தூவிய மண். நான் நிமிர்ந்து பார்க்க, அன்ரி கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னா: "மடு மண் பிள்ளை. வைரஸ் பிடிச்சிருக்கு எண்டு மருமோன் சொன்னவன். பாம்பு கடிச்சதுக்கே கேக்கிற மண், இதுக்குக் கேக்காதோ எண்டு போட்டனான்." எங்கள் வீட்டிலும் மடு மாதா கோயிலில் இருந்து கொண்டு வந்த மண் ஒரு போத்தல் இருக்கிறது.

ஒரு பெயின்ற் பிரஷ் எடுத்து, துகள் துகளாகக் கூட்டி, பேப்பரில் ஏந்தி, அவவுடைய போத்தலுக்குள் திரும்பக் கொட்டினேன். அந்த மண்ணை வெளியில் எறியக் கூடாது. அதுவுமில்லாமல் மடுவுக்குப் போகிற பாதை பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. போத்தலின் அடியில் இருந்த கடைசி மண்ணைத்தான் அன்ரி கொம்பியூட்டருக்குக் கொடுத்திருந்தா. திருவிழாவுக்குக் கூடாரம் அடித்துத் தங்கிய கதை, மரத்துக்குக் கீழே சமைத்த கதை எல்லாம் நான் கூட்டி முடியும் வரை சொன்னா. பிறகு லினக்சைப் போட்டேன். தமிழில் எழுத்துகள் வந்தன, பெட்டி நிற்காமல் ஓடியது. இனி அந்த வைரஸ் வராது அன்ரி என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

"மண்ணைப் போட்டது நான், சீடியைப் போட்டது நீ, சுகமாக்கினது அவ" என்றா, சுவரில் இருந்த மாதாவைக் காட்டி.

இதுக்குச் சம்மாட்டி ஆர்?

எங்கள் ஊரில் கரைவலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். வலை அவருடையது, இழுக்கிற கைகள் ஊருடையது. சவிரியான் சம்மாட்டியின் மகன் பிரான்சுக்குப் போகும்போது ஒரு கொம்பியூட்டரை விட்டுவிட்டுப் போனவன். அதற்கு லினக்ஸ் போட உட்கார்ந்தபோது, இது இலவசம், ஊர் பேர் தெரியாத கனபேர் செய்தது என்று விளக்கினேன். சம்மாட்டி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"சம்மாட்டி ஆர்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை ஐயா."

"அப்ப மீனை ஆர் கொண்டு போறது?"

"எல்லாரும்தான். எவ்வளவு எடுத்தாலும் குறையாத மீன்."

"குறையாத மீனோ? உனக்குக் கடல் தெரியாது பிள்ளை." கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "சம்மாட்டி இல்லாட்டி வலை பிஞ்சால் ஆர் பொத்துறது?"

பிய்ந்ததைக் கண்டவர் பொத்துவார், பொத்தத் தெரியாதவர் பிய்ந்த இடத்தைச் சொல்லுவார் என்றேன். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. திரைக்கு என்ன படம் வேண்டும் என்று கேட்டேன். கடல் என்றார். வாசலில் நின்றால் கடல் தெரிகிற வீடு அது. ஆனால் சண்டையால் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்தார்கள், வலை கரையோர வாடிக் கொட்டிலுக்குள் சுருண்டு கிடந்தது. நீலமாக ஒரு கடலைத் தேடிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை தானாகக் கறுத்துப்போகும், பழுது என்று நினைக்க வேண்டாம் என்று எச்சரித்தேன்.

"அதைக் கறுக்க விடாத பிள்ளை, வெளியிலதான் கடலைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள், இதாவது திறந்து கிடக்கட்டும்."

கார் இல்லாத பெட்டி

எருக்கலம்பிட்டியில் ஒரு ஹாஜியார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேற்றியபோது போன குடும்பம் புத்தளத்திலேயே இருந்துவிட, தான் மட்டும் பழைய காணியைப் பார்க்க வந்து, வீட்டுக் கூரையின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு தனியே இருந்தார். அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். காரணம் கேட்டால் எந்தக் கொம்பனிக்காரரும் சந்தோசப்படுவார்: "நான் வைச்சிருக்கிறது களவுக் கொப்பியாமே மகள். அதில குர்ஆன் ஓதுறதைக் கேக்க மனசு இடங்குடுக்குதில்லை." அப்படிப்பட்டவருக்கு லினக்ஸ் போடுவது பாயசத்தில் சீனி போடுகிற மாதிரி. போட்டேன். எனக்குத் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வந்தது.

அடுத்த கிழமையே திரும்ப ஆள் வந்தது. பேரன்மார் பள்ளி விடுமுறைக்கு வருகிறதே அந்தப் பெட்டியில் கார் ஓடி விளையாடத்தானாம். அந்தக் கார் விளையாட்டு லினக்சில் ஓடவில்லை. இந்த இடத்தில் உங்களில் பலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. தேடித் தேடி, பனியில் வயிற்றால் சறுக்குகிற பெங்குயின் விளையாட்டு ஒன்றைக் காட்டினேன். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குருவி மரத்தில் மோதுகிறதை மூன்று நாலு தரம் பார்த்தார்.

"ஹலால் எல்லாம் சரி மகள், ஆனா இந்தக் குருவியை நம்பி அவனுகள் புத்தளத்தில இருந்து பஸ் ஏறுவானுகளா?"

வீடு என்று ஒரு சொல்

லினக்ஸ் சீடிகளை எழுதிக் கேட்டால் தபாலிலேயே அனுப்புவார்கள், காசு இல்லை. ஒருமுறை ஒரு கட்டு வந்தது. பையில் போட்டு, சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு போக, சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இத்தனை சீடியில் என்ன இருக்கிறது? படமா, பாட்டா, வேறு ஏதாவதா? என் சிங்களமும் சிப்பாயின் தமிழும் சேர்ந்து ஒரு பதிலுக்கும் போதவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், மேசையில் இருந்த கொம்பியூட்டரைக் காட்டி, போட்டுக் காட்டு என்றார். ஷெரினைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தவள் நான்.

இந்தச் சீடியில் ஒரு நல்ல குணம், கொம்பியூட்டரில் எதையும் மாற்றாமல் சீடியில் இருந்தே ஓடும். தொடங்கும்போது பாசை கேட்கும். தமிழில் விரலை வைக்கப் போனவள், நிறுத்தி, சிங்களத்தை அமர்த்தினேன். திரை முழுக்க அவருடைய எழுத்து வந்தது. சிப்பாய் குனிந்து ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தார். ஒரு சொல்லில் நின்றுவிட்டார். "நிவச," என்றார். பிறகு எனக்காகத் தமிழில், "வீடு." அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். பையை அவரே கட்டித் தந்தார்.

"நங்கி, ஒண்டு எனக்கு தாங்க, லீவு கிடைச்சா வீட்டுக்கு கொண்டு போறது."

மேசையில் குருடாக இருந்த கமரா

இனி என் சொந்தப் பிய்ந்த வலைக்கு வருகிறேன். ஊரெல்லாம் திருத்திக்கொண்டு திரிகிறவளின் வீட்டில், மாப்பிள்ளை அனுப்பிய கமரா குருடாக இருக்கிறது. லினக்ஸ் பாவிக்கிறவர்கள் கூடிக் கதைக்கிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கேள்வியை எழுதினேன். எங்கள் வீட்டில் கம்பியில்லாப் போன், அதில் வருகிற இணையம் யன்னலோரத்தில் மட்டும் பிடிக்கும், அதுவும் சண்டையைச் சாட்டிப் போனை வெட்டாத நாட்களில். ஒருவர், கேட்பதற்கு முதல் தேடிப் பார் என்று கடிந்தார். இன்னொருவர், அது மலிவுச் சாமான், எறிந்துவிட்டு வேறு வாங்கு என்றார். நான் கோபப்படவில்லை. இங்கே அது விற்கிற கடை இல்லை, பிள்ளையைத் தகப்பன் இன்னும் காணவில்லை, அவ்வளவுதான் என்று எழுதினேன்.

பிரேசிலில் இருந்து ஒருவர் வந்தார். அவரிடமும் அதே கமரா கிடந்ததாம். எனக்காக அதைத் தூசி தட்டி எடுத்தாராம். இதைத் தட்டு, வருகிறதை அனுப்பு என்றார். தட்டினேன், அனுப்பினேன். இடையில் போன் போய்விடும், வந்து பார்த்தால் அவர் இரண்டு மூன்று கேள்வி போட்டுக் காத்திருப்பார். ஏன் பதில் இல்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் அந்தக் கமராவுக்கென்று தானே சில வரிகளில் ஒரு புரோகிராம் எழுதி அனுப்பினார். போட்டேன். கமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் என் மூக்கும், பின்னால் குசினியும், குசினிக்குள் சீனிப் போத்தலோடு ஷெரினும் தெரிந்தார்கள்.

எங்கே போய்க் கும்பிட, யாருக்குக் காசு கட்ட என்று தெரியாமல், என்ன கைம்மாறு செய்ய என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். ஆங்கிலத்தில் வந்த பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்.

"உன் கணவர் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுது, பார்க்க முடியாமல் போனாலும் எழுது."

வெள்ளிக்கிழமை

கட்டாரில் வெள்ளிக்கிழமைதான் லீவு. அவருடைய அறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கொம்பியூட்டர் இருந்தது, கமரா இல்லை. வாங்கிய ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டார் அல்லவா? ஆகவே அவர் எங்களைப் பார்க்கலாம், நாங்கள் அவரைப் பார்க்க முடியாது. இது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் நான் சீப்பால் தலை இழுத்து, பவுடர் போட்டு, நல்ல சட்டையோடு உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு சாம்பல் சதுரம். அதற்குள் இருந்து அவருடைய குரல், ஒரு சொல் வந்து அடுத்த சொல் வர ஒரு மூச்சு விட்டு. "கொஞ்சம் பின்னுக்குப் போ. இன்னும். ஆ, தெரியுது." எங்கள் பக்கப் படம் அவருக்கு விட்டு விட்டுத்தான் போயிருக்கும். ஷெரினை ஓடச் சொன்னார். ஓடு என்றால் ஓடுகிற பிள்ளையா அவள்? வாளிக்குள் இருந்த நண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா எங்க?" என்றாள். சாம்பல் சதுரத்தைக் காட்டினேன். அவள் நண்டை அதற்குக் கிட்டப் பிடித்து, "கடிக்கும்," என்றாள். நண்டு காலை உதற, தானே பயந்து, அதைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். கேட்ட ஓட்டம் அப்படித்தான் கிடைத்தது.

பிறகு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. எனக்குச் சொல்ல நூறு விசயம் இருந்தது. அவருடைய அம்மாவின் காலில் புண், ஓட்டில் ஒழுக்கு, சம்மாட்டியின் விசாரணை. எல்லாத்தையும் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனேன். ஓம் இல்லை ஒன்றும் வரவில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, "இருக்கிறியளோ?" என்று கேட்டேன். அன்று பின்னேரமே போனை வெட்டிவிட்டார்கள். இதை எழுதுகிற இன்று வரை வரவில்லை. பிரேசிலுக்கு எழுத வேண்டிய அந்த ஒரு வரியும் கொம்பியூட்டருக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே அவரிடமிருந்து கடைசியாக எனக்கு வந்த சொற்கள் இவைதான்.

"இருக்கிறன், கொஞ்சம் கதையாமல் இரும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

ஆக, லினக்ஸ் போடட்டுமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது, அதில் எது பிய்ந்தாலும் பொத்தித் தர உலகத்தில் யாரோ ஒருவர் இருக்கிறார், ஒரு சாம்பல் சதுரத்துக்கு முன்னால் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலையை மட்டும் நீங்களேதான் செய்ய வேண்டும்.