ஏழாம் மாடி நாற்காலி

நேற்றுக் காலை மின்தூக்கியில் பவித்ரா என்னைப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூரிலிருந்து வந்து இங்கே வங்கியில் வேலை பார்ப்பவர். எங்கள் அடுக்குமாடி புளோக் வசிப்போர் குழுவின் புதிய செயலாளரும் அவர்தான்.

"அங்கிள், அடுத்த மாசம் ஃபேமிலி டே. போன தடவை வந்த ஆளை விட பலூன் ஜாஸ்தி. நீங்க நடத்தின காலத்துல ஜேஜேன்னு இருக்குமாமே? ஏதாவது ஐடியா குடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் என் மாடி வந்துவிட்டது. இப்போதெல்லாம் எல்லாருக்கும் அவரவர் மாடி சீக்கிரம் வந்துவிடுகிறது.

எங்களுடையது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் பழைய புளோக். முன்பு மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மற்றவர்கள் அரிசி மூட்டையோடு படியேற வேண்டும். மூச்சு வாங்க நின்ற இடத்தில் யார் வீட்டுக் கதவாவது திறந்திருக்கும். ஆறாம் மாடியில் ரஹீம் வீட்டில் பெலாச்சான் என்னும் இறால் விழுது வறுபடும். ஏழாம் மாடிக்கு ஏறினால் கமலா அக்காவின் மீன் குழம்பு. பெலாச்சானும் புளியும் கலந்த அந்த வாசனையை இன்று எங்கே முகர்ந்தாலும் என் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது.

கமலா அக்காவின் கணவர் ராஜு அண்ணன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து மேலே கொண்டுபோனதோடு சரி, மாதக்கணக்கில் அவர் கீழே வரவில்லை. ஏழாம் மாடி நடைபாதைக் கம்பியோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, புளோக்குக்கு முன்னால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் கேரத்தைப் பார்ப்பார்.

அப்போது செயலாளர் நான். கப்பல் நிறுவனம் ஒன்றில் இளம் எழுத்தர். மாதம் ஒரு ஞாயிறு புளோக்குக்குக் கீழே நடக்கும் விருந்துக்குக்கூட அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நிகழ்ச்சிநிரல் எழுதுவேன். தேக்கா சந்தையில் மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் விற்ற ஆ செங், "டாய்லெட் போக எத்தனை மணி, அதையும் எழுது லா" என்பான். அவனுடைய தமிழ் கடைக்கு வந்தவர்களிடம் கற்றது.

ஒரு ஞாயிறு நான் காயைத் தவறவிட்டேன். மேலேயிருந்து குரல் வந்தது. "டேய் செயலாளரு, ரூல் போட்டு அடிடா!"

ஏழாம் மாடியிலிருந்து காய் தெரியவே தெரியாது. ஆனாலும் கத்தினார். குளறலாகத்தான் வந்தது, கேலி மட்டும் தெளிவாக இருந்தது. டாக்சி ஓட்டும் ரஹீம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாங்க, இறக்கிடுவோம்" என்றார்.

கைவைத்த மர நாற்காலியின் இரு பக்கமும் எங்கள் வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழிகளைக் கட்டினோம். அண்ணன் சரியாமல் இருக்க அக்காவின் பழைய புடவையால் இடுப்பைச் சுற்றினோம். முழுக் கழி படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கும் என்பது இவ்வளவு திட்டமிடும் எனக்குத் தோன்றவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் அண்ணன் மாட்டிக்கொண்டார்.

"பரவால்லப்பா, விருந்த இங்கயே வெச்சுடுங்க."

அங்கேயே ரம்பம் கொண்டுவந்து கழிகளின் இரு முனைகளையும் அறுத்தோம். அன்று மாலை அம்மா, "பெட்ஷீட்ட இனிமே உன் தலையிலயா காயப்போடுறது?" என்று கேட்டார்.

அதன்பின் ஒவ்வொரு மாத நிகழ்ச்சிநிரலிலும் முதல் வரி, 'அண்ணனை இறக்குதல்'. தூக்குபவர்கள் நான், ரஹீம், ஆ செங், அன்றைக்குக் கையில் சிக்கும் ஒருவர். ஐந்தாம் மாடி மின்தூக்கி வரைக்கும் கதவுகள் திறக்கும். பார்க்க வந்தவர்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். தனியாக யாரையும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

"அண்ணே, சாப்பாடு கம்மி பண்ணு லா! தோள் போச்சு!"

"உன் மீதான்டா இந்த வெயிட்டு. நாளைக்குக் கடைய மூடு."

கீழே இறங்கியதும் இடது கையால் கேரம் ஆடி எங்கள் எல்லாரையும் தோற்கடிப்பார்.

பிறகு எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்கும்படி மாற்றலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. வீடு வீடாகப் போய் விளக்கியவன் நான். முதலில் சரி என்றவர் அண்ணன். "உங்க தோளுக்கெல்லாம் லீவுடா" என்று சிரித்தார்.

புது மின்தூக்கி வந்த மாதம் விருந்தில் கோமாளியும் பலூனும் உண்டு. நான் தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். தூணோரம் சக்கர நாற்காலியில் அண்ணன் இருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கேரம் பலகையை எடுத்துப்போடவும் ஆள் இல்லை.

"நானே வந்துட்டேன் பாத்தியா" என்றார். சிரிக்கவில்லை.

மறுமாதம் அவர் வரவில்லை. மேலே போய்க் கூப்பிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு பேரக் கூட்டிட்டு வா. வரேன்" என்றார். அக்கா என்னை வெளியே அழைத்து வந்து, "நடக்கற மனுஷனுக்கு லிப்ட் போதும்ப்பா. இவருக்கு ஆள் வேணும்" என்றார்.

நான் ஆள் சேர்க்கப் போனேன். ரஹீமுக்கு ஞாயிறும் டாக்சி. ஆ செங் நிஜமாகவே புரியாமல் கேட்டான். "லிப்ட் இருக்கு லா. எதுக்குத் தூக்கணும்?"

நியாயமான கேள்விதான். அண்ணனிடம் நான் திரும்பிப் போகவில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் சுவா சூ காங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். வார நாளில், நாங்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தபோது, அண்ணன் ஏழாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் நேராகக் கீழே இறங்கிப் போனார். பார்த்தவர் யாரும் இல்லை. புளோக்கின் பாதிப் பேருக்கு அவர் போனதே வெகுநாள் தெரியாது. அக்கா சில நாள் முன்பே என் அம்மாவிடம் கழிகள் இரண்டையும் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பவித்ராவுக்கு இன்று பதில் அனுப்பினேன். ஒரு நாள் லிப்டை ஐந்தாம் மாடியோடு நிறுத்திப் பாருங்கள் என்று எழுதி, அழித்துவிட்டு, அதிர்ஷ்டக் குலுக்கல் வைக்கலாம் என்று அனுப்பினேன். கைதட்டும் படம் ஒன்று வந்தது. ஆ செங் கடையை மூடிவிட்டான். ரஹீம் மகனோடு போய்விட்டார். ஆறாம் மாடியிலும் ஏழாம் மாடியிலும் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் படிகளில் நான் ஏறிப் பல வருடமாகிறது.

கழிகள் என் சமையலறை மூலையில் நிற்கின்றன. துணி காயப்போட நீளம் போதாது. வேறு எதற்கும் ஆகாது.