ஒரு பிள்ளைக்கு இரண்டு பட்டாளம்

குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த பொம்பிளைக்கு அவள் கேட்காமலே ஒரு உத்தியோகம் வந்து சேரும்: மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் அரசாங்கக் கந்தோர்களுக்குக் கூடப்போவதும். சம்பளம் இல்லை, லீவு இல்லை. வேலையை விடவும் முடியாது. கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் இலக்கணப் பிழைக்காக என்னை முழங்காலில் நிற்க வைத்தது, பிற்காலத்தில் டென்மார்க்கில், ரண்டர்ஸில் என் குசினி மேசையில் ஊரார் கடதாசியெல்லாம் பரப்பிக் கிடப்பதற்குத்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் இதே உத்தியோகத்தில்தான் இருப்பீர்கள். ஆகவே நான் அதிகம் அழத் தேவையில்லை.

இத்தனை வருடத்தில் என்னை ஆக அலைக்கழித்தது, என் கணவரின் தம்பி அன்ரனுடைய மகனின் பட்டாளப் பிரச்சினை. அதைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். எனக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்தது.

காணி

அன்ரன் பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடினார். ஒரு பக்கத்தார் பிடித்துக்கொண்டு போவார்கள், மற்றப் பக்கத்தார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்ற பயம். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரை பாங்கொக்கில் விட்டுவிட்டு மாயமாக மறைந்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய காலத்தில் மாலியைக் கலியாணம் செய்தார். மாலி என்றதும் எங்கள் பிள்ளை என்று நினைக்க வேண்டாம், அசல் தாய்லாந்துக்காரி. பிறகு இரண்டு பேரும் ஒருபடியாக டென்மார்க் வந்து சேர, மகன் இங்கே பிறந்தான். வீட்டில் கூப்பிடுகிற பெயர் லெக். அவர்களுடைய மொழியில் சின்னவன் என்று அர்த்தம். இப்போது ஆறடி உயரம்.

லெக்குக்குப் பத்து வயதில் எல்லாரும் விடுமுறைக்கு மாலியின் ஊருக்குப் போனார்கள். மாலியின் அப்பா தன் வயலைப் பேரனுக்கு எழுத ஆசைப்பட்டார். வெளிநாட்டுக்காரர் அங்கே காணி வைத்திருக்க முடியாது. தாய் வழியில் லெக்குக்கு அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கலாம் என்றார்கள். காணி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆக்களுக்கு மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும். ஊர்க் கந்தோருக்குப் போய் வீட்டாரின் பெயர்களைப் பதிகிற வீட்டு அட்டையில் அவன் பெயரையும் பதிந்து, பிள்ளையைத் தாய்லாந்துக்காரன் ஆக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கே ஆம்பிளைப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவார்களே என்று நான் ஒருத்திதான் கேட்டேன். அன்ரன் சிரித்தார்.

“அண்ணி, அவன் பால்பல்லு விழுந்து முடியாத பிள்ளை. பட்டாளம் எங்க, பத்துப் பரப்புக் காணி எங்க!”

முதலாவது பட்டாளம்

டென்மார்க்கிலும் பட்டாளம் உண்டு. பதினெட்டு வயதானால் ஒரு நாள் கூப்பிட்டு, உடம்பைச் சோதித்து, சீட்டெடுக்க விடுவார்கள். பெரிய இலக்கம் வந்தால் வீட்டுக்குப் போகலாம். இப்போது பொம்பிளைப் பிள்ளைகளையும் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். என் மகளின் முறை வரும்போது அதை வேறாகப் பார்த்துக்கொள்வோம்.

லெக்கைக் கூப்பிட்ட அன்று அன்ரன் வேலைக்குப் போகவில்லை. பிடித்த கையோடு லொறியில் ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்கு மனதுக்குள் பயம். இந்த நாட்டில் இத்தனை வருடம் வரி கட்டியும் ஊரில் ஆமி ஆக்களை ஏற்றிப்போன அந்த லொறி அவருடைய மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு பையில் மாற்றுடுப்பு, சோற்றுப் பார்சல், பனடோல் எல்லாம் கட்டி வைத்துக்கொண்டு சோதனை நடந்த இடத்து வாசலில் காருக்குள் இருந்தார். துணைக்கு நான். அரை நாள் அங்கேயே நின்ற காரைப் பார்த்து ஒரு இளம் சிப்பாய் வந்து கண்ணாடியில் தட்டினான். அன்ரன் பதறிப்போய்க் கதவைத் திறந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெடியன் அவரை மேலும் கீழும் பார்த்தான். அவருடைய பையையும் பார்த்தான்.

“மன்னிக்கவேணும், நீங்கள் சேருகிறதுக்கு வயது கொஞ்சம் கூடிப்போச்சு.”

இரண்டாவது பட்டாளம்

லெக் டென்மார்க் சீட்டில் பெரிய இலக்கம் எடுத்து, கோப்பியும் பணிசும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அவனுக்கு இருபது வயதானபோது மாலியின் தம்பி போனில் ஒரு படம் அனுப்பினார். வீட்டு அட்டையில் பெயர் இருப்பதால் ஊர்க் கந்தோர் வீட்டுக்கே அழைப்பு அனுப்பியிருந்தது. வருகிற ஏப்ரலில் வந்து சீட்டெடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீட்டுக்கு, சிவப்பு வந்தால் இரண்டு வருடம் பட்டாளத்துக்கு. போகாமல் விட்டால் வழக்கு. வயது முப்பது தாண்டும்வரை அந்த நாட்டில் கால் வைக்கப் பயப்பட வேண்டும். குடியுரிமையை விடலாம், ஆனால் அந்தக் கடதாசி வேலை முடிய வருடக்கணக்காகும், அதுவரை அங்கே போக முடியாது. விட்டால் வயலும் போகும்.

என் குசினியில் மாநாடு கூடியது. அன்ரன், போகவே வேண்டாம், முப்பது வயதுமட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார். என் கணவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். மாலி கறிக்குக் கோவா வெட்டிக்கொண்டு இருந்தாள். அவள் எங்கள் தமிழை எங்கள் பிள்ளைகளைவிட நன்றாகக் கதைப்பாள், ஆனால் சண்டை நடக்கும்போது வாய் திறக்கமாட்டாள். அன்று கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா, நீங்கள் எல்லாரும் பிள்ளையளை ஊரை விட்டு வெளிய எடுக்க ஓடினனீங்கள். நான் என்ர பிள்ளை என்ர ஊருக்குள்ள போக வழி கேக்கிறன். என்ர அப்பாவுக்கு இன்னும் பத்து வருசம் இல்லை.”

அதற்குப் பிறகு முப்பது வயதுக் கதையை யாரும் எடுக்கவில்லை.

ஊது, தம்பி

நோய் வருத்தம் உள்ளவர்களைப் பட்டாளம் எடுக்காது. ஆகவே லெக்குக்கு ஆஸ்துமா என்று ஒரு டொக்டர் துண்டு எடுக்க வேண்டும் என்று அன்ரன் முடிவு கட்டினார். நானும் கூடப்போக வேண்டுமாம். அன்ரனுக்கு டெனிஷ் நன்றாக வரும். உண்மையைச் சொல்வதற்கு நான் தேவையில்லை, பொய் சொல்வதற்குத்தான் தேவை. நான் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். சும்மா கதிரையில் இருந்தேன்.

டொக்டர் பொம்பிளை லெக்கின் கையில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னா. ஹேண்ட்பால் விளையாடுகிற பெடியன். அவன் ஊதின ஊதலில் முள்ளு குழாயின் கடைசிக்கே போய் இடித்தது. அன்ரன் உடனே, இங்கே ஒன்றும் தெரியாது டொக்டர், இவனுக்கு வெக்கையான நாடுகளில் மட்டும்தான் இழுப்பு வரும் என்றார். லெக் கூரையைப் பார்த்தான். டொக்டர் கொம்பியூட்டரில் எதையும் தட்டவில்லை.

“அப்ப, இழுப்பு வருகிற நாட்டில் உள்ள டொக்டரிடம் காட்டுங்கோ.”

ரோல்ஸ்

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகள் சீட்டெடுப்பைப் பின்போடலாம் என்று தாய்லாந்துத் தூதரகத்துக்கு எழுதி அறிந்தேன். சட்டப்படியான வழி. பள்ளிக்கூடக் கடிதம் ஒன்று போதும். ஒரேயொரு குறை, லெக் படிக்கவில்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் மேல்வகுப்பு முடித்தவுடன் களைத்துப் போவார்கள். ஒரு வருடம் ஓய்வு எடுப்பார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்து மரியாதையாக நடத்துவார்கள். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் வீட்டில் சும்மா இருக்கிறது. லெக் ஒரு சாமான் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு இருந்தான்.

அன்ரன் என்னைக் கேட்காமல், அவன் முன்பு படித்த பள்ளிக்கூடக் கந்தோருக்கு ஒரு தட்டு மீன் ரோல்ஸோடு போயிருக்கிறார். மாலி சுட்டது. ரோல்ஸை மேசையில் வைத்து, மகன் இன்னும் இங்கே படிக்கிறான் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். கந்தோர்ப் பொம்பிளை நன்றி சொல்லித் தட்டை வாங்கி, ஒரு பெற்றோர் தந்தது என்று எழுதி ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டா. தானும் ஒன்று எடுத்துக் கடித்துக்கொண்டே வந்தா. லஞ்சம் கொடுத்தவர் தான் கொடுத்தது லஞ்சம் என்று சொல்லவும் முடியாமல் நின்றார். மற்ற நாள் தட்டைத் திருப்பி எடுக்க நான் போனபோது அவ அன்ரனுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னா.

“ரோல்ஸ் மிக நல்லம். ஆனால் அவன் இங்கே படிக்கவில்லையே.”

உள்ளுக்க ஆள்

பிறகுதான் தரகர் வந்தார். மாலியின் ஊர்க்காரர், முந்தி ஏதோ கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். போனில் முகம் மலர்ந்த மனிதர். பயப்பட வேண்டாம், பிள்ளையை அனுப்புங்கள், கறுப்புச் சீட்டு வரப் பண்ணுவது தன் பொறுப்பு என்றார். லஞ்சக் காசுக்கு ஊரில் நாங்கள் சந்தோசம் என்று சொல்வோமே, அதை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். சிவப்பு வந்தால் முழுவதையும் திருப்பித் தருவாராம்.

நான் கேட்டேன், பட்டப்பகலில், ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளை தன் கையால் பெட்டிக்குள் இருந்து எடுக்கிறான், இதில் இவர் எங்கே நுழைவார்? அன்ரனிடம் பதில் இல்லை. பதில் இல்லாததே அவருக்கு நம்பிக்கையைக் கூட்டிவிட்டது போலிருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவருடைய முகத்தில் இரத்தம் ஓடியது. டொக்டரும் பள்ளிக்கூடமும் தராத ஆறுதலை அந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் தந்துவிட்டார். அன்ரன் அடுத்த நாளே காசை அனுப்பினார். லெக்குக்குத் தெரிய வேண்டாம், அவன் இந்த நாட்டுப் பிள்ளை, தெரிந்தால் பொலிசுக்கே போன் அடித்துச் சொல்லுவான் என்று எங்கள் எல்லாருடைய வாயையும் பூட்டினார்.

“அண்ணி, உங்களுக்கு விளங்காது. அவருக்கு உள்ளுக்க ஆள் இருக்கு.”

போறன்

லெக்கை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டு மேசையில் இருத்தி, உள்ளதை உள்ளபடி சொன்னேன், தரகர் கதையைத் தவிர. சிவப்பு வந்தால் இரண்டு வருடம். மொழி அரைகுறை. வெயில். கத்துகிற அதிகாரிகள். குடியுரிமையை விட்டால் பட்டாளம் இல்லை, ஆனால் வயல் போகும், கடதாசி முடியும்வரை சில வருடம் தாத்தாவிடமும் போக முடியாது. அவன் டெனிஷில்தான் பதில் சொன்னான். நான் தமிழில் எழுதுகிறேன்.

“பெரியம்மா, வயலை விடலாம். தாத்தாட்ட போகாமல் இருக்கேலாது. இங்க பெட்டிக்குள்ள கை விட்டனான், அங்கயும் விடுறன். எல்லாரும் விடுகினம்தானே?”

பெட்டி

தாய்லாந்தில் மத்தியானம், எங்களுக்கு விடியப்புறம். லெக்கோடு போயிருந்த மாலி அங்கேயிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் போனைப் பருப்பு டின்னில் சாய்த்து வைத்தேன். அன்ரனுக்கு லீவு கிடைக்காததால் அவரும் வேலை உடுப்போடு என் குசினியில் நின்றார். ஒரு பள்ளிக்கூட வளவு, பெரிய கூடாரம், விசிறிகள், குச்சியில் ஐஸ் பழம் விற்கிறவன். மேல்சட்டை இல்லாமல் வரிசையில் பெடியன்கள். அவர்களுக்குள் எங்கள் சின்னவன் ஒரு பனை மாதிரி நின்றான். கறுப்பு வந்தால் கூட்டம் விசிலடித்தது. சிவப்பு வந்தால் சிரித்தது. அன்ரன், பாருங்கோ, அந்தா நிக்கிறார் எங்கட ஆள் என்று கூட்டத்துக்குள் தரகரைக் காட்டினார். தரகர் பெட்டிக்குப் பக்கத்திலும் இல்லை. ஐஸ் பழம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்.

லெக்குக்கு முன்னால் நின்ற பெடியன் சிவப்பு எடுத்தான். அவனுடைய தாயாக்கும், ஒரு பொம்பிளை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அன்ரன் என்னுடைய கையைப் பிடித்தார். பிடித்ததே அவருக்குத் தெரியாது. லெக் கையை விட்டான், எடுத்தான், அதிகாரி விரித்துப் படித்தார். கறுப்பு. மாலியின் போன் எங்கேயோ விழுந்து, கொஞ்ச நேரம் புல்லு மட்டும் தெரிந்தது. அன்ரன் சுவரோடு சாய்ந்து அழுதார். போனை லெக்தான் எடுத்தான். அவன் விசிலடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“பெரியம்மா, எனக்கு முன்னால நிண்டவன் வந்து எனக்குக் கை குடுத்திட்டுப் போறான். நான் அவனுக்கு என்ன சொல்லுறது?”



நேர்மையான மனிதர்

அன்ரன் அதே வாரம் ரண்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார், காசு வேலை செய்துவிட்டது என்று. நான் விளங்கப்படுத்திப் பார்த்தேன். பெட்டிக்குள் கை விட்டது பிள்ளை. கறுப்பு வந்தது பிள்ளையின் அதிர்ஷ்டம். ஐஸ் பழம் சாப்பிட்டவர் என்னத்தைச் செய்தார்? அன்ரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மாலி திரும்பி வந்தபின் ஒரு நாள் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவள் சொன்ன பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. தரகர் அந்த வரிசையில் நின்ற பெடியன்களின் வீடுகளில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வாங்கியிருந்தார், லெக்குக்கு முன்னால் நின்றவனின் தாயிடமும்தான். கறுப்பு வந்தவர்களின் காசை வைத்துக்கொண்டார். சிவப்பு வந்தவர்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இது ஏமாற்று என்று உனக்கு விளங்கவில்லையா என்று கேட்டேன். மாலி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு யோசித்தாள்.

“ஆனால் அக்கா, அந்தாள் மோசமான ஆள் இல்லை. அந்த அம்மாவுக்குக் காசை அடுத்த நாளே வீட்ட கொண்டுபோய்க் குடுத்து, கூட இருந்து அழுதிட்டும் போனவர்.”

இந்தச் சம்பளமில்லா உத்தியோகத்தில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: கை நீட்டாத கந்தோரில் எங்கள் ஆக்களுக்கு நெஞ்சு படபடக்கும், யாராவது கை நீட்டினால்தான் நிம்மதியாக நித்திரை வரும்.