துரை மாளிகையின் தரை

எங்கள் பக்கத்தில் அதைக் கவர்னர் பங்களா என்றுதான் சொல்வார்கள். அங்கே இருந்தவர்கள் கவர்னர்கள்கூட இல்லை, மைசூரை மேய்க்க வந்த வெள்ளைக்கார அதிகாரிகள். நம் ஆட்களுக்குத்தான் வெளுத்ததெல்லாம் பாலாயிற்றே, பதவியையும் ஒரு படி கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது காட்சி மாளிகை. ஆன்லைனில் பதிவு செய்து, ஆதாரைக் காட்டி, வரிசையில் நின்று, துரை தூங்கிய கட்டிலைத் தரிசித்துவிட்டு வரலாம்.

நானாக இருந்தால் அந்தத் திசைக்கே போயிருக்க மாட்டேன். அம்மா கேட்டாள். அவளுடைய அப்பா, துரைகள் போன பிறகும் சேர்த்து, அந்த வீட்டு நடனக் கூடத்தில் முப்பது வருஷம் தரை தேய்த்தவர். தேக்குப் பலகைத் தரை. மெழுகு போட்டு, முகம் தெரிகிற வரை துணியால் தேய்க்க வேண்டுமாம். அதைப் பெருமையாகத்தான் சொல்வாள். வேலைக்காரர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பின்வாசலைத் தாண்டக் கூடாது. அதனால் அவள் அந்தத் தரையைப் பார்த்ததே இல்லை. எழுபத்திரண்டு வயதில், ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

நாங்கள் இருக்கும் தொம்மலூரிலிருந்து ஆட்டோவில் போனோம். வாசலில் பலகை: காலணிகளைக் கழற்றவும். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, இடது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று. வீட்டுக்குள்ளேகூட எம்.சி.ஆர். என்கிற மெத்தை ரப்பர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. காவலாளியிடம் காலைக் காட்டிச் சொன்னேன். பழங்காலத் தரை கெட்டுவிடும், ரூல்ஸ் என்றார். அவர் காலில் பூட்ஸ். கேட்டதற்கு, அது டியூட்டி என்றார். வெள்ளைக்காரன் இருந்தபோது நம்மவன் அந்த வாசலில் வெறுங்காலோடு நின்றான். அவன் கப்பலேறிப் போன பிறகும் நாம் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பிப் போகலாம் என்றேன். அம்மா அசையவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே வழிகாட்டிப் பெண் சரித்திரம் சொன்னாள். துரை ரோஜா வளர்த்தது, துரைசானி பியானோ வாசித்தது, நாய்க்குக் கல்லறை கட்டியது. தோட்டத்து மரமெல்லாம் துரை நட்டதாம். அந்தக் கையில் மண்வெட்டியை நினைத்துப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. முன்னால் நின்ற ஐ.டி. ஆட்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பாடம் செய்த புலி ஒன்று, பூச்சி அரித்து ஒரு காது போய், அதற்கும் ஒரு காவலாளி.

நடனக் கூடம் வந்தது. சுவருக்குச் சுவர் சிவப்புக் கம்பளம், கல்யாண மண்டபத்தில் விரிக்கிற அதே ரகம். ஓரத்தைக் கால் விரலால் தூக்கிப் பார்த்தேன். கீழே டைல்ஸ். எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் வாசலில் ஒட்டியிருக்கிற அதே பளபள டைல்ஸ். வழிகாட்டியிடம் கேட்டேன். பலகையைக் கரையான் அரித்துவிட்டது, மாற்றி ரொம்ப வருஷமாகிறது என்றாள். பேர் பெத்த பேரு, தாகத்துக்கு நீரில்லை.

வெளியே வரும்போது பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. இந்த வீட்டுக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? உள்ளதைச் சொன்னேன்.

அம்மா குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு எழுந்து, காவலாளியிடம் போனாள்.

"பழைய தரை போயி ரொம்ப நாளாச்சாமே, தம்பி. இப்ப நா எதுக்குக் கழட்டணும்?"

அவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் அவள் வாசற்படியைத் தாண்டிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். கூடத்தில் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். செருப்பு முனையால் டைல்ஸை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"கடைசி காலத்துல எங்கப்பா கக்கூஸுக்குக்கூட தவழ்ந்துதான் போனாரு," என்றாள். "ரெண்டு முட்டியும் இங்கதான் போச்சு."

முகம் தெரிகிற தரையைப் பற்றி ஆயிரம் தடவை சொன்னவள், அந்த முட்டிகளைப் பற்றி என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.