சோலையம்மாளின் காளான் அறை

சோலையம்மாள் வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் அவர் கணவர் முத்திருளன் கயிற்றுக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். பின்னறையில் காளான் வளர்ந்தது. இரண்டு பேருக்கும் காற்று வேண்டும். அந்த வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பின்னறையில்.

ஆரப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் கடைசி வீடு அவர்களுடையது. நடுவீடு எங்களுடையது. முன்வீட்டில் காம்பவுண்டின் சொந்தக்காரர் கைலாசநாதனும் அவர் மனைவி விஜயமும் இருந்தார்கள். அவர் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். விஜயம் பள்ளிக்கூட டீச்சர். அவர்கள் வீட்டுச் சமையலறை நீளமாகப் பின்னால் வரை வந்து, சோலையம்மாள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே முடியும். இடையில் ஒரு குறுகிய முடுக்கு. முடுக்கில் ஒரு சாக்கடை.

முத்திருளன் ஒரு நூல் மில்லில் பஞ்சு உதறும் பகுதியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். இருமல் வந்து, பிறகு மூச்சிரைப்பு வந்து, 1984-இல் வேலையை விட்டார். சோலையம்மாளுக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். வைக்கோலும் ஈரமும் அவருக்குப் பழக்கமான விஷயங்கள். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் சிப்பிக் காளான் வளர்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் பஸ்ஸில் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்தி, பாலிதீன் பையில் அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டி, உறியில் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பையின் ஓட்டைகளில் வெள்ளைக் காளான் கொத்துக் கொத்தாக வெளியே வரும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டுச் சோறும் முத்திருளனின் மருந்தும் அதில்தான் நடந்தன.

மறு வருஷம் ஐப்பசி மாதம் ஒரு காலையில் கைலாசநாதன் துண்டால் மூக்கைப் பிடித்தபடி கடைசி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா சோலை, உள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?"

"இல்லைங்கய்யா. வைக்கோல் ஊறுற வாடை."

"வாடையா இது? எங்க வீட்ல சாதத்தை வாயில வைக்க முடியல. கார்த்திகையில எங்க அப்பா திதி வருது. தீட்டு தொடக்கு இல்லாம சுத்தபத்தமா சமைக்கணும். அதுக்குள்ள இந்த நாத்தம் நிக்கணும். இல்லேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

நடக்க முடியாத மனிதரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அன்றைக்கே சோலையம்மாள் பின்னறை ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தார். இடுக்குகளில் பழைய பேப்பரைப் பசை தடவி ஒட்டினார். வெள்ளிக்கிழமை வழக்கம்போல வீட்டுக்குச் சாம்பிராணி காட்டும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. தூபக்காலில் கூடுதலாகக் கங்கு அள்ளிப் போட்டு, ஒரு கைப்பிடி சாம்பிராணி தூவி, காளான் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். எந்த வாடையும் சாம்பிராணிக்கு அடங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதில் கொஞ்சம் பக்தியும் இருந்தது. மூன்று நாள் இப்படிச் செய்தார்.

புகை கதவுக்கு மேலிருந்த இடைவெளி வழியாக முன்னறைக்கு வந்தது. முத்திருளன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து இருமிய இருமல் எங்கள் வீடு வரை கேட்டது. என் அம்மா வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான்காம் நாள் அறையைத் திறந்தபோது, குண்டூசித் தலை அளவில் இருந்த மொட்டுகளெல்லாம் கருகிப்போயிருந்தன. தப்பியவை வேறு மாதிரி வளர்ந்திருந்தன. தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு நீண்டு, தலை சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிட்டது. சோலையம்மாள் ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து கணவரிடம் காட்டினார்.

"விதை கெட்டுப்போச்சாய்யா?"

முத்திருளன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"விதையெல்லாம் கெடல. மூச்சு முட்டுது புள்ள அதுக்கு. காத்துக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது, பாரு. மில்லுல நூல் அந்துரும்னு எங்களுக்கு ஜன்னலைத் தொறக்க விடமாட்டாக. நீயும் அதையே பண்றியே."

"தொறந்தா அவுகளுக்கு நாறுதே."

"நாறுறது எதுன்னு மொதல்ல பாத்தியா? போயி ரூம்புக்குள்ள நல்லா மோந்து பாத்துட்டு வா."

சோலையம்மாள் போய் மோந்துவிட்டு வந்தார். மழை பெய்த மண் மாதிரி இருக்கிறது என்றார். முடுக்கில் போய்ப் பார்க்கச் சொன்னார் முத்திருளன். போனவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். வைக்கோல் ஊறிய தண்ணீரை அவர்தான் தினமும் அந்தச் சாக்கடையில் கொட்டிவந்தார். அது ஓடாமல் கைலாசநாதன் வீட்டுச் சமையலறைக்குக் கீழே பச்சையாகத் தேங்கி நின்றது.

அன்றிலிருந்து ஊறல் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கிணற்றடி வாழைக்கு ஊற்றினார். சாக்கடையைத் தானே கழுவிவிட்டார். ஆனாலும் கைலாசநாதனுக்கு எதிரே ஜன்னலைத் திறக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கும் முத்திருளனே வழி சொன்னார். தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டினார். கீழே இரண்டு செங்கலை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டி, நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும். மேலே கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரக் குழாய் ஒன்றை உயரமாக நிறுத்த வேண்டும். குழாயின் வாயில் ஒரு கூடை அடுப்புக்கரியைக் கட்டித் தொங்கவிட்டால் மிச்ச வாடையைக் கரி பிடித்துக்கொள்ளும். கீழே ஈரக்காற்று நுழையும், மேலே கெட்ட காற்று போகும்.

அவரோடு மில்லில் வேலை பார்த்த காசிமாயன் எண்ணெய் டின்களை வெட்டிக் குழாய் செய்துகொண்டு வந்தார். கூரையில் ஏறி நின்றுகொண்டு கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏ மாப்ள, காளானுக்கு எக்ஸாஸ்டா? நமக்கு ஒண்ணு வைக்கச் சொல்லி எம்புட்டு வருசம் மில்லு கேட்டுல நின்னு கத்துனோம்!"

"அதுக்குச் சங்கம் இல்ல மாப்ள. அதான் கேட்டவுடனே கெடைக்குது" என்றார் முத்திருளன். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

கார்த்திகையில் திதி நடந்தது. மாலையில் விஜயம் ஒரு தூக்கில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். "ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் சமைச்சேன் சோலை" என்றார். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் முத்திருளனின் மூச்சு சரியாகவில்லை. காளான் நன்றாக விரிந்த நாட்களில் காலையில் கதவைத் திறந்தால் வெள்ளையாக ஒரு தூசி எழும். வெயில் கோட்டில் அது மிதப்பது தெரியும். "பஞ்சுத் தூசி மாதிரியே இருக்கு" என்று அவர் ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுவதற்கு முன்பே பறித்துவிட்டால் தூசி வராது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எடை கூடட்டும் என்று சோலையம்மாள் ஒரு நாள், இரண்டு நாள் விட்டு வைத்துவந்தார். கணவர் அப்படிச் சொன்ன பிறகு விடவில்லை. சின்னதாக இருக்கும்போதே பறித்தார். ஹோட்டலில் முகம் சுளித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டார்.

மார்கழிப் பனி முத்திருளனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது பத்தொன்பது வருஷத்துப் பஞ்சு, இனி எடுக்க முடியாது என்றார். தை பிறந்து ஆறாம் நாள், கட்டிலில் உட்கார்ந்தபடியே முத்திருளன் இறந்துபோனார்.

காடு போய் வந்தவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு, சோலையம்மாள் விஜயத்திடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"அந்த ரூம்புக் காத்து அவருக்கு ஆகாமப் போயிருச்சோ டீச்சரம்மா?"

"அது பஞ்சும்மா. டாக்டரே சொல்லிட்டாரே."

"சொன்னாரு. ஆனா மூணு நாள் புகை போட்டேனே. எடைக்கு ஆசைப்பட்டு விட்டு வச்சேனே."

விஜயம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காளான் அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே இருபது பைகள் தொங்கின. தண்ணீர் தெளிக்கவோ பறிக்கவோ ஆளில்லை. ஐந்தாம் நாளிலிருந்து வாடை கிளம்பியது. இந்த முறை சாக்கடை அல்ல, அறையேதான். காளான் அழுகும் வாடை எலி செத்த வாடையைவிட மோசம். கரிக்கூடையால் அதைத் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். துக்கத்தில் இருந்த சோலையம்மாளுக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை. ஒரு காலையில் கைலாசநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். கடைசி வீட்டுப் படியில் சோலையம்மாள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் இறைத்துக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் காலையில் சோலையம்மாள் அறையைத் திறந்தார். திறந்த வேகத்தில் பின்வாங்கி முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"டீச்சரம்மா! இம்புட்டு நாத்தத்தையுமா இத்தனை நாளாப் பொறுத்துக்கிட்டு இருந்தீக? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்ன நாத்தம்? எனக்கு ஜலதோஷம், ஒண்ணும் தெரியல" என்றார் விஜயம். பக்கத்தில் நின்ற கைலாசநாதன் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சோலையம்மாள் வாய்விட்டு அழுதார். இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

பிறகு பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொண்டுபோய் வாழை அடியில் கொட்டினார். என் அம்மா கூட மாட நின்றார். அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கூடையில் புதுக்கரி போட்டார். கடைசியில் ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழித்து, சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, முடுக்குப் பக்கம் அதன் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தார். எதிர்ச் சமையலறையின் ஜன்னலும் திறந்துதான் இருந்தது. அதை யாரும் சாத்தவில்லை.

அந்த வாரமே கிணற்றடியில் வைக்கோல் நறுக்கும் சத்தம் கேட்டது.