தாழ்ப்பாள் அக்காவின் நோட்டு

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்குத் தாழ்ப்பாள் அக்கா என்று பட்டம் வைத்தது நான்தான். கடையைப் பூட்டிவிட்டு நாலு அடி நடப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நாலு அடி. வீட்டுக் கதவில் மூன்று தாழ்ப்பாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், போனால் வரப் பத்து நாள் ஆகும். ஒன்பதாவது படிக்கும் ஒரே மகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று, பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு கிண்டலடிப்பது என் வழக்கம்.

தெருவில் இரண்டு வீடுகளில் பட்டப்பகலில் திருடு போனது. ரோந்து வரும் ஏட்டையா எங்களைக் கூட்டிப் பேசினார். வெளியூர் போகிறவர்கள், வீட்டில் தனியாக இருப்பவர்கள் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நான் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதி வைக்கத்தான் சொன்னார். வீட்டு எண், நேரம், யார் இருப்பார்கள் என்று கட்டம் போட்டு, நூல் கட்டி, தையல் கடை வாசல் ஆணியில் தொங்கவிட்ட அதிபுத்திசாலி நான். ஏட்டையா பைக்கை விட்டு இறங்காமலே கையெழுத்துப் போடலாம் அல்லவா? தெருவே பாராட்டியது.

முதல் ஆளாக எழுதியது அக்காதான். ‘எண் பதினேழு, மாடி. மாலை நாலு முதல் ஏழு வரை மகள் மட்டும். தயவுசெய்து பார்த்துக்கொள்ளவும்.’ அச்சடித்தது போன்ற எழுத்து. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று மறுநாள் சொன்னார்.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, நாலரை மணி இருக்கும். சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று ஓர் ஆள் வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு வாசலில் நின்றான். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. பச்சை நூலில் தைக்கட்டுமா என்று அக்கா கேட்டார்.

“ஏதோ ஒண்ணு. சீக்கிரம் தைங்க.”

நாலாவது பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். அவன் போய்விட்டான். அக்கா ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்து முடித்து, தண்ணீர் குடிக்க எழுந்தார். அப்போதுதான் நோட்டைப் பார்த்தார். ஏட்டையா கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில்தான் எப்போதும் பேனாவைச் செருகி வைப்போம். பேனா முதல் பக்கத்தில் இருந்தது.

“தம்பி, இந்த நோட்ட நீங்க தொட்டீங்களா?”

“இல்லையே அக்கா. ஏன்?”

அவர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். அக்கா பூட்டாமல் ஓடுகிறார் என்று கண்டதும் நானும் பின்னாலேயே ஓடினேன். ஓட்டத்திலேயே அவர் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. நான் ஏட்டையாவுக்குப் போட்டு, பொத்தான் தைக்க வந்தவன் நோட்டைப் புரட்டியிருக்கிறான் என்றேன்.

“அஞ்சு நிமிஷத்துல வரேன். அவன் அங்க நின்னா கிட்ட போகாதீங்க” என்றார்.

அதை எந்த அம்மா கேட்பாள்? அக்கா இரண்டிரண்டு படியாக ஏறினார். மாடியில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

“கண்ணு, அம்மா வந்திருக்கேன். கதவத் திற.”

சத்தமே இல்லை. அக்கா கதவில் காதை வைத்தார். அவர் உதடு கோணிக்கொண்டு போனது. என்னைப் பார்க்காமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் போட்ட கட்டங்கள் என் கண் முன்னால் நின்றன. எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

கடைசியில் உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. “கூட யாரு?”

“கடை மாமாடி.”

“அவர கீழ போகச் சொல்லு.”

போனேன். படிக்கட்டின் கீழே நின்று, தாழ்ப்பாள்கள் விலகும் சத்தத்தை எண்ணினேன். மூன்று.

பிறகு மகள் சொன்னது இதுதான். “ஒருத்தன் வந்து, ‘பாப்பா, உங்கம்மா கடையில மயங்கி விழுந்துட்டாங்க, சீக்கிரம் வா’ன்னான். நான் வாயே தொறக்கல. கதவப் பிடிச்சு ஆட்டினான். போன் அடிச்சா உள்ள இருக்கறது தெரிஞ்சுடும்னு தலகாணிக்கு அடியில வச்சுட்டேன்.”

காவல் நிலையத்தில் ஏட்டையா தெம்பாகப் பேசினார். “வெள்ளைச் சட்டை, நாலாவது பொத்தான் பச்சை நூல். இது போதும்க்கா, பிடிச்சுடலாம். ஒரு புகார் எழுதிக் குடுங்க.”

அக்கா நடந்ததை எல்லாம் எழுதினார். முகவரி எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றது.

“இந்தப் பேப்பர் எங்க இருக்கும் சார்?”

ஏட்டையா யோசிக்காமல் சுவரைக் காட்டினார். கம்பியில் குத்திய காகிதங்கள் ஒரு கட்டாகத் தொங்கின. கீழே ஒரு பெஞ்சு. பிடித்துக்கொண்டு வந்தவர்களை அதில்தான் உட்கார வைத்திருந்தார்கள். ஏட்டையா கம்பியையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

“குடுங்கக்கா. நோட்டு என்னுது, புகாரும் என்னுதாவே இருக்கட்டும்” என்று புதுக் காகிதம் வாங்கி என் பேரில் எழுதினேன். என் வீட்டு எண், தெரு, கீழ்த்தளம் என்று எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டையா அதை வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அக்கா ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை. என் வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் பகல் முழுக்கத் தனியாக இருப்பார்கள். கதவில் ஒரே ஒரு தாழ்ப்பாள், அதுவும் ஆடும்.