கடலை முதலில், சோறு கடைசியில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி சன்னதியில் பொய் சொன்னவன் நான். எந்த முகத்தோடு எழுதுவது?

தொண்ணூறுகளில் நூற்று நாற்பது கிலோ இருந்தேன். நாங்கள் குடியிருந்த ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நான் படியேறினால், மூச்சு வாங்கி உட்கார மாடிக்கு மாடி யாராவது நாற்காலி போடுவார்கள். கடைசியில் டாக்டர் வயிற்றைத் தைத்துச் சிறிதாக்கிவிட்டார். உள்ளே ஒரு சின்ன டம்ளர் அளவுதான் இடம். "புரதம் முதல்ல, சோறு கடைசி, அதுவும் எடமிருந்தா" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வெட்கத்தில் ஊருக்கு மட்டும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம், நானும் வீட்டுக்காரியும்.

வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானம். சைவ இலையில் புரதம் என்று தேடினால் கடலைச் சுண்டலும் பருப்பும்தான். அதை மென்று முடிப்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டது. கீழ்வீட்டு அக்காதான் அன்று சமைத்துப் பரிமாறினார்.

"என்னண்ணே, சோத்துல கையே வைக்கல? கொழம்பு சரியில்லையா லா?"

அவர் மனம் நோகக் கூடாதே என்று, "இல்லக்கா, வேண்டுதல்" என்றேன். அக்கா என் இலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்த வெள்ளி என் இலையில் சுண்டல் குன்றாக இருந்தது. பக்கத்தில் நான்கு பேர் சோறு வேண்டாம் என்றார்கள். "அண்ணன் எப்படி எளைச்சிட்டாரு பாரு, சாமி கண்ணத் தொறந்திருச்சி" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் ஒரு வரிசையே கடலைக்கு மாறிவிட்டது. பஜனையில் கடலை தன் வேலையைக் காட்டியது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுத் தாளத்தை ஓங்கித் தட்டினார்கள். உண்மையைச் சொல்லாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

அக்காவுக்கு இனிப்பு நீர் வியாதி. மகளுக்குப் பிள்ளை வரம் வேண்டி, சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, தினமும் ஒருவேளை சுண்டல் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான்காம் வெள்ளி தீபாராதனையில் சர்க்கரை இறங்கிச் சரிந்து விழுந்தார். சீனித் தண்ணீர் கொடுத்ததும் கண் திறந்து என்னைத்தான் தேடினார்.

"அண்ணே, வேண்டுதல் கெட்டுப்போச்சா?"

சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணுமில்லக்கா. கொழுப்பு ஏறி வயித்த வெட்டிக்கிட்டேன். பொய் சொல்லிட்டேன். நீங்க மொதல்ல சோறு சாப்பிடுங்க."

அக்கா தழும்பை வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டுதலுக்கு வயித்தையே குடுத்திட்டீங்களா அண்ணே?"

நான் எவ்வளவு மறுத்தும், நம்பாமல் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் சோற்றைச் சாப்பிட்டார். அதுவரை நான் நகரவில்லை.

மறுவாரம் சூலியா தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி, "முருகன் வேலால கீறித் தச்ச வயிறு இதுதானா?" என்று கேட்டுத் தொட்டுக் கும்பிட்டார்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெட்டியது டாக்டர், கத்தியால். கடலை முதலில் என்பது தைத்த வயிற்றுக்கு நர்ஸ் சொன்னது. பொய் என்னுடையது. சாமியை இதில் சேர்க்காதீர்கள்.