தண்ணீர்ப் பானைக்குக் காவல்

ஈரப் பட்டில் கஞ்சி காயும் வாசனை... ஆரணிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு... சோறு வடித்த கஞ்சி லேசாகப் புளித்தால் ஒரு வாசனை வருமே, அதேதான்.

நேற்று நம் ஸ்கூல் குரூப்பில் ஒருவர், "அந்தக் காலம் மாதிரி வருமா? மனுஷன் வாழ்க்கை எங்கய்யா முன்னேறிச்சு, போன்தான் முன்னேறிச்சு" என்று போட்டிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை. எனக்குச் சுர்ரென்று வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில். எனக்கு ஒன்பது வயது, தம்பி சீனுவுக்கு இரண்டு முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் பட்டு நெய்கிறவர்கள். தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, காய்கிற வரைக்கும் நீவிவிட வேண்டும். பாதியில் விட்டால் இழையோடு இழை ஒட்டி எல்லாம் வீண். அதனால் ஒரு வீட்டுப் பாவு என்றால் விடியற்காலையிலேயே தெருவே வந்து கை கொடுக்கும்.

அன்று எங்கள் வீட்டுப் பாவு. முதல்நாள் மதியத்திலிருந்தே சீனுவுக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு சரசக்கா பாசமாகத்தான் சொன்னாள். "சொட்டு தண்ணி கூட காட்டாதீங்க. உள்ள போறதெல்லாம் வெளிய வந்துகினு இருக்குது. வயிறு காஞ்சாதான் பேதி நிக்கும்."

அப்போது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. அம்மா தெருவுக்குப் போகும்போது என்னிடம், "பானை பக்கம் வுடாதடி அவன. நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

பார்த்துக்கொண்டேன்.

"தண்ணி... தண்ணி..." என்று சீனு பானைக்கு வந்தான். நன்றாக நடக்கிற பிள்ளை, அன்று தவழ்ந்து வந்தான். தூக்கிப் பாயில் விட்டேன். மறுபடி வந்தான். மறுபடி தூக்கினேன். ஒருமுறை எப்படியோ விரலை நனைத்து வாயில் வைக்கப் போனான்; அந்த விரலையும் என் பாவாடையில் துடைத்துவிட்டேன். அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. சும்மா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்... பாவி நான்.

வாசலில் ஒரு குண்டான் நிறையக் கஞ்சி இருந்தது. பட்டுக்கு.

பாவைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்த அம்மா, அவனைப் பார்த்ததும் அலறினாள். ஜட்கா வண்டி பிடித்து ஓடினார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் உயிர் தாங்கவில்லை.

திரும்பி வந்ததும் அம்மா என்னைத்தான் கேட்டாள். "தண்ணி ஏதாச்சும் குடுத்துட்டியாடி?"

"இல்லம்மா. ஒரு சொட்டு கூட குடுக்கல."

என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

எண்பதுகளில் எனக்கு பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது, படவேடு பக்கத்தில். அதற்கு முன்னால் கலசப்பாக்கத்தில் ட்ரெயினிங். ஒரு நர்ஸம்மா வந்து பாடம் எடுத்தார். "பேதியாவுற கொழந்தைக்கு நெறைய தண்ணி குடுக்கணும்மா. ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட் கெடைக்கலன்னா பரவால்ல, வடிச்ச கஞ்சியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடுங்க, பொழச்சிக்கும்." எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

சில வருஷம் கழித்து என் மகளுக்கு அதே பேதி. பாக்கெட்டைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். "ஐயோ, ஏண்டி கொழந்தைய சாவடிக்கிற!"

பாக்கெட்டைக் காட்டி விவரம் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு.

"இத சீனுக்கு குடுத்திருந்தா?"

"அப்ப ஏதும்மா இதெல்லாம்? இப்பதான் கண்டுபுடிச்சாங்க. வெளிநாட்டு மருந்து."

"அப்ப சரி. நாம என்னா பண்றது" என்றாள். ஸ்பூனை வாங்கி அவளே பேத்திக்கு ஊட்டினாள். சாகிற வரைக்கும் அதை நம்பினாள்.

பாவுக்குக் கை கொடுத்த தெரு இன்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். என் அடுத்த ஃப்ளாட்டில் இருப்பவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வாழ்க்கை முன்னேறித்தான் இருக்கிறது நண்பர்களே. என் மகளின் பிள்ளை, ஆரஞ்சு ஃப்ளேவர் இல்லையென்றால் அந்த பாக்கெட்டைக் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். பிடிக்கட்டும்.

எனக்குத்தான் மனசாரச் சந்தோஷப்பட முடியவில்லை. அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பொய் இருந்தது. அதை எனக்குச் சொல்ல ஆளில்லை.